அயர்லாந்து கொடுத்த வீட்டுப்பாடம்

 

பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள்தான்!

சென்ற மாதம் நான் பகிர்ந்த மாதப் பாட்டுகளைப் படித்துவிட்டு, "டீச்சர், நாலு வருஷமா ஒரு வரி எழுதலையே, திடீர்னு எப்படி?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

ஆண்டுவிழா நாடகம், கும்மிப்பாட்டு, குழந்தைகள் தின வில்லுப்பாட்டு என்று 34 வருடம் நான் எழுதிக்கொண்டே இருந்தது உங்களுக்குத் தெரியும். எழுதியதை முதலில் படிப்பவர் எங்கள் வீட்டுக்காரர், உங்களில் பலருக்குக் கணக்கு சார். சிவப்புப் பேனாவோடுதான் உட்காருவார். "இந்த இடத்தில் தாளம் இடிக்குது" என்று அடிக்கோடு போடுவார். அவர் தவறிய பிறகு எழுத உட்கார்ந்தால் படிக்க ஆள் இல்லையே என்றுதான் தோன்றும். பேனாவை மூடி வைத்துவிடுவேன். அவ்வளவுதான் காரணம்.

போன அக்டோபரில் மகள் பிடிவாதமாக டப்ளினுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். 90 நாள் விசா. குளிர்காலம் தொடங்கும் நேரம். நவம்பர் கடைசியில் மாலை நாலரைக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். டிசம்பரில் காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டும். "இந்த இருட்டில் என்னத்தைப் பார்க்கக் கூப்பிட்டாய்?" என்று மகளிடம் கேட்டேன். என் பேத்திக்கு 9 வயது. அவள்தான் பதில் சொன்னாள்: "அம்மாச்சி, இங்க இருட்டுலதான் வருஷம் ஸ்டார்ட் ஆகும். எங்க மிஸ் சொன்னாங்க."

அந்த மிஸ் சொன்னது சரிதான். கெல்டிக் மக்கள் என்று வரலாற்றில் சொல்கிறார்களே, அவர்களுடைய மொழிகள் இன்றும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் பிரிட்டனி ஆகிய இடங்களில் இருக்கின்றன. அந்த மரபில் நாள் என்பது பொழுது சாய்ந்ததும் தொடங்குகிறது. முதலில் இரவு, பிறகு பகல். இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் நாட்களை இரவுகளைக் கொண்டு எண்ணினார்கள் என்று ஜூலியஸ் சீசரே எழுதி வைத்திருக்கிறார். ஆண்டையும் அப்படியே, இருண்ட பாதியிலிருந்து தொடங்கினார்கள் என்பார்கள்.

கரும்பலகையில் எழுதிப் போடுவது போலச் சொல்கிறேன், கேளுங்கள். ஐரிஷ் மரபில் ஆண்டுக்கு நான்கு வாசல்கள். நவம்பர் 1, சௌவின்: அறுவடை முடிந்து, மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாள். பிப்ரவரி 1, இம்போல்க்: வசந்தத்தின் முதல் நாள். மே 1, பியால்ட்டனா: கோடை பிறக்கும் நாள். மாடுகளை இரண்டு தீ வளர்த்து நடுவே ஓட்டிவிட்டு மேய்ச்சலுக்கு அனுப்புவார்கள். ஆகஸ்ட் 1, லூனசா: முதல் விளைச்சல். இன்றைக்கும் ஐரிஷ் மொழியில் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பெயர்கள் இந்தத் திருவிழாக்களின் பெயர்கள்தான்.

'சௌவின்' என்று பேத்தி முதலில் சொன்னபோது என் காதில் 'சாவின்' என்று விழுந்தது. வெறும் ஒலி ஒற்றுமைதான். தமிழும் ஐரிஷும் அக்கா தங்கை என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள்! ஆனால் அந்த இரவின் நம்பிக்கையைக் கேட்டபோது மனசு கொஞ்சம் நின்றது. சௌவினுக்கு முந்தைய இரவில், அதாவது அக்டோபர் 31 அன்று, இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறந்துவிடுமாம். ஹாலோவீன் என்று உலகமே கொண்டாடுவதன் வேர் இதுதான். கெட்டது அண்டாமலிருக்க டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோரமான முகம் செதுக்கி, உள்ளே வெளிச்சம் வைப்பார்கள். பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் இந்த வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே கையில் கிடைத்தது பரங்கிக்காய்.

நல்லவர்களும் அந்த நாட்களில் வருவார்கள். நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். அன்று இரவு பழைய ஐரிஷ் வீடுகளில் கதவைத் தாழிட மாட்டார்கள். அடுப்பில் கணப்பை அணைக்காமல் விட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு, தண்ணீரும் வைத்துவிட்டுப் படுப்பார்களாம். வீட்டை விட்டுப் போனவர்கள் வந்து உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டுப் போகட்டும் என்று.

மகள் வீட்டில் அக்டோபர் 31 அன்றே 'பார்ம்பிராக்' என்ற பழ ரொட்டி வாங்கி வந்திருந்தார்கள். அதற்குள் ஒரு மோதிரம் இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷத்துக்குள் கல்யாணம். மோதிரம் என் மருமகன் துண்டில் வந்தது. "ஒன்றே போதும் அத்தை" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நவம்பர் 2 அன்று இரவு மகள் ஒன்றும் சொல்லாமல் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, டவரா தம்ளரில் காபி ஆற்றி, மேஜையில் ஐந்தாவது தட்டு ஒன்று போட்டாள். நமக்குப் படையல் புதிதில்லை. ஆனால் அவ்வளவு தூரத்தில், மழை பெய்துகொண்டிருக்கிற இருட்டில், அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. பேத்திதான் பேசினாள், இங்கிலீஷில். தாத்தா வந்தால் அவரோடு எந்த மொழியில் பேசுவது, எனக்குத் தமிழ் சரியாக வராதே, அவர் ஒரு கணக்கைக் கேட்டால்கூட எனக்குப் புரியாதே என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

சில நாள் கழித்து டப்ளினில் 'நினைவுப் பூங்கா' என்ற இடத்துக்குப் போனோம். அயர்லாந்தின் விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களுக்காக 1966இல் திறந்தது. அங்கே பெரிய வெண்கலச் சிற்பம் ஒன்று, 1971இல் வைத்தது. நான்கு பிள்ளைகள் அன்னங்களாக மாறுகிற காட்சி. லிர் என்ற அரசனின் பிள்ளைகள் கதை. தாய் இறந்த பிறகு சித்தி வருகிறாள். அப்பா பிள்ளைகள்மேல் வைத்த பாசம் பொறுக்காமல் அவர்களை அன்னங்களாகச் சபிக்கிறாள். ஓர் ஏரியில் 300 ஆண்டு, குளிர்க்கடலில் 300 ஆண்டு, மேற்குக் கடலோரத்தில் 300 ஆண்டு, ஆக 900 ஆண்டுகள். மூத்தவள் ஃபினூலா. புயலடிக்கிற இரவுகளில் தம்பிமார் மூவரையும் சிறகுக்குள்ளும் நெஞ்சுக்கடியிலும் அணைத்துக் காப்பாற்றுகிறாள்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒன்றே ஒன்று. சபித்த அந்தச் சித்திக்கே மனசு பொறுக்காமல், ஒரு சலுகை தருகிறாள். உடம்பு பறவையாகிவிடும், ஆனால் உங்கள் பேச்சு உங்களிடமே இருக்கும், பாட்டும் இருக்கும் என்கிறாள். 900 ஆண்டும் அந்த அன்னங்கள் தங்கள் தாய்மொழியில்தான் பேசின, பாடின. கேட்க வந்தவர்கள் கரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தார்கள்.

பேத்தி சிற்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி வந்துவிட்ட பிள்ளைக்கு வேறு சிறகு முளைக்கத்தான் செய்யும். அதைத் தடுக்கக் கூடாது. பேச்சு மட்டும் அவளோடு இருக்க நான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று நினைத்தேன்.

இந்தக் கதையைப் பாதுகாத்த மொழியின் கதை அதைவிடச் சோகம். 19ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் பேசும் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு ஐரிஷ் வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. கடைசியில் வெட்டுகளை எண்ணி அடி. 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கி வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நாட்டை விட்டே போனார்கள். மொழி அதிகம் புழங்கிய ஏழை மேற்குப் பகுதிதான் மிகவும் அடிபட்டது. இன்றைக்கு ஐரிஷ் அந்த நாட்டின் முதல் ஆட்சிமொழி. பள்ளிகளில் பாடம். ஆனால் தெருவில் காது கொடுத்தால் ஆங்கிலம்தான்.

குச்சியைக் கட்டியதும் பள்ளிக்கூடம்தான் என்று கேட்டபோது ஆசிரியையாக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதே பள்ளிக்கூடம் பின்னால் செய்த ஒரு நல்ல காரியத்தை மருமகன் காட்டினார். இந்தப் பதிவை நான் எழுதுவதே அதற்காகத்தான். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் கல்வித் துறையோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டது. தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகள், சுமார் 11 முதல் 14 வயது வரை, வாரக் கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக ஒரு வேலை செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய்த் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரையாவது கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிவர வேண்டும். கை வைத்தியம், மழைக் குறி, புதையல் கதை, தேவதைகள் வாழும் மேடு, புனிதக் கிணறு, விளையாட்டு, பண்டிகை வழக்கம், பஞ்ச காலத்து நினைவு, எதுவானாலும் சரி. சொன்னவர் பெயர், ஊர், முடிந்தால் வயது, எல்லாம் கீழே எழுத வேண்டும். சுமார் 5,000 பள்ளிகள். 50,000 பிள்ளைகளுக்கு மேல். சேர்ந்தது ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கங்கள்! அந்த நோட்டுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. 'டூகஸ்' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த ஆணையம் சேர்த்த மொத்தத் தொகுப்பும் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

நான் ராத்திரி ராத்திரியாக அதைப் படித்தேன். பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். சாய்வெழுத்து, மைத்துளி, அடித்துத் திருத்தியது, எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தத் தாத்தா பாட்டிகள் இன்று யாரும் இல்லை. எழுதிய பிள்ளைகளிலும் பெரும்பாலோர் போயிருப்பார்கள். ஆனால் தனி முள்மரத்தை ஏன் வெட்டக் கூடாது, பிரிஜிட் நாளுக்கு முந்தின ராத்திரி வாசலில் துணி ஏன் போட வேண்டும் என்று அவர்கள் சொன்னது எல்லாம் இருக்கிறது. யாரோ ஒரு டீச்சர், "போய்க் கேட்டு எழுதிட்டு வா" என்று சொன்னதால் இருக்கிறது.

பெரியவர்கள் பேச்சு வெறும் கதை என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. டிசம்பர் முதல் வாரத்தில் நியூகிரேஞ்ச் போனோம். டப்ளினுக்கு வடக்கே பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் கல்லறை மேடு. சுமார் 5,200 ஆண்டுப் பழமை. எகிப்தின் கீசா பிரமிடுகளைவிட மூத்தது. கட்டியவர்கள் கெல்டிக் மொழி பேசியவர்கள் அல்ல, அவர்களுக்கும் முந்தியவர்கள். பின்னால் வந்தவர்கள் அதைத் தங்கள் கடவுளரின் வீடு என்று கதைகளில் சேர்த்துக்கொண்டார்கள்.

உள்ளே போக 19 மீட்டர் நீளக் கல்வழி. சில இடங்களில் குனிந்து, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதீர்கள். உள்ளறையின் கூரை, கல்மேல் கல் அடுக்கியது. இத்தனை ஆண்டாகியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார் வழிகாட்டி. (நம் பள்ளிக் கூரை எல்லோருக்கும் நினைவு வந்திருக்கும்!) குளிர்காலத்தில் பகல் மிகக் குறைவாக இருக்கிற நாட்களில், அதாவது டிசம்பர் 21ஐ ஒட்டி, விடியலில் வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பு வழியாக வெயில் நுழைந்து, உள்ளறை வரை வந்து, 17 நிமிடம் இருந்துவிட்டுப் போகும். அதைப் பார்க்கக் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுக்கிறார்கள்.

அந்த இடத்தை ஆய்வு செய்தவர் பேராசிரியர் ஓ'கெல்லி. கல்லறைக்குள் வெயில் விழும் என்ற வாய்வழிப் பேச்சு அவர் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. முதலில் அவர் நம்பவில்லை. ஒரு சந்தேகத்தில் 1967 டிசம்பர் 21 விடியலில் தனியாகப் போய் உள்ளே உட்கார்ந்தார். வெயில் வந்தது!

எங்களைப் போன்றவர்களுக்காக உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, அந்த வெயில் எப்படி வரும் என்று மின்விளக்கு வைத்துக் காட்டுகிறார்கள். அணைத்த நொடியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பேத்தி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யாரும் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு தரையில் ஒரு மெல்லிய கோடு, மஞ்சளாக, எங்களைப் பார்த்து நீண்டு வந்தது. அது பல்பு வெளிச்சம்தான், தெரியும். இருந்தாலும் என் கண் நிறைந்துவிட்டது. அவர் போன பிறகு எல்லாம் முடிந்துபோன காலம் என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் கணக்குப்படி பார்த்தால் நான் இன்னும் ராத்திரியில் இருக்கிறேன். நாள் தொடங்கித்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் பழைய நோட்டு ஒன்றை வாங்கி எழுத உட்கார்ந்தேன். லிர் பிள்ளைகளையோ தேவதைகளையோ பற்றி எழுதவில்லை. அவற்றை எழுத அவர்களுக்கு ஆள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஆண்டைப் பார்க்கிற மாதிரி நம் ஆண்டைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சித்திரை முதல் பங்குனி வரை மாதத்துக்கு ஒரு பாட்டு. ஒவ்வொன்றிலும் அவளுடைய தாத்தா வர வேண்டும். அவளுக்கு வாய்விட்டுச் சொல்ல வர வேண்டும். முதலில் வந்தது இது:

ஐப்பசி மழையில் தாத்தா குடை
கம்பி முறிந்த கறுப்புக் குடை
பாதிக் குடையில் தாத்தா தலை
மீதிக் குடையில் நோட்டு மலை!

சார் உங்கள் பரீட்சை நோட்டுகளை நனையாமல் கொண்டுவர, தான் பாதி நனைந்து வருவது உங்களுக்கு நினைவிருக்கும். பேத்திக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "கம்பின்னா என்ன? முறிந்தன்னா என்ன?" என்று கேட்டாள். ஒரு பாட்டுக்குப் பத்து வார்த்தை. அப்படியே போனது. ஜனவரியில் நான் ஊர் திரும்பும்போது ஏழு பாட்டு முடிந்திருந்தது. மீதி ஐந்தை இங்கே வந்து எழுதினேன். தாளம் இடிக்கிற இடத்தில் சிவப்புப் பேனாவால் நானே கோடு போட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 1 அன்று பேத்தி வீடியோவில் வந்தாள். அன்றைக்குப் பிரிஜிட் நாள். பழைய ஐரிஷ் மரபில் பிரிஜிட் கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லர் தொழிலுக்கும் தெய்வம். அதே பெயரில் கில்டேர் ஊரில் மடம் நிறுவிய புனிதப் பெண்ணும் உண்டு. இரண்டு பேரும் மக்கள் மனசில் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். 2023 முதல் அந்த நாளை ஒட்டிப் பொது விடுமுறை விடுகிறார்கள். அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் அமைந்த முதல் பொது விடுமுறை அதுதான். பள்ளியில் பிள்ளைகள் கோரை போன்ற ஒரு புல்லால் நான்கு கை உள்ள சிலுவை முடைவார்கள். பேத்தி தன்னுடையதைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள்: "அம்மாச்சி, இது புல்லு. நடுவுல சதுரம். நாலு கை. இதுல கம்பி இல்ல, அதனால முறியாது."

என் பாட்டிலிருந்து எடுத்த வார்த்தைகள்! எனக்கு வேறு பரிசு என்ன வேண்டும்?

ஆகவே செல்லங்களே, பல வருடம் கழித்து உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் இந்த வாரம் போய் உட்காருங்கள். ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். முதல் பேருந்து ஊருக்குள் வந்த நாளோ, அம்மை போட்டபோது செய்த வைத்தியமோ, மழை வருமா என்று எப்படிப் பார்ப்பார்கள் என்பதோ, எதுவாக இருந்தாலும் சரி. அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள். கீழே அவர் பெயர், வயது, ஊர், தேதி போடுங்கள். செல்போனில் பதிவு செய்தாலும் சரி, பிறகு உங்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் போன் பேச்சில் "சாப்பிட்டாச்சா"வுக்குப் பிறகு இதைக் கேளுங்கள்.

எழுதியதை எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். பிழை இருந்தால் சிவப்பு மை உண்டு, சொல்லிவிட்டேன்!

என்றும் அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்